சுசித்ரா கழித்த வானம்

என் தங்கை சுசித்ரா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால், இப்போதெல்லாம் "ஆராய்ச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் விளக்கிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வியாழன் கிரகத்துக்கு மேலே உள்ள காற்றைப் பற்றிப் படிக்கிறாள் என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் கடலைக்காய் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்படியானால் இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். இன்னொரு அம்மாள், வியாழன் என்றால் குருதானே, அடுத்த குருப்பெயர்ச்சி என் பையனுக்கு எப்படி இருக்கும் என்றார். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

நான் பூவிழி. பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நர்ஸ் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நிம்மதி என் தங்கைக்கு வாய்க்கவில்லை.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம், ஒகேனக்கல் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா சவுரியப்பனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். ராகியும் கடலையும் போடுவார். மற்ற நாட்களில் கோவில் வேலை, கல்லறைத் தோட்ட வேலை. அம்மா ரோசம்மாள் இன்னமும் காட்டுக்குப் போகிறார். சுசித்ரா அரசுப் பள்ளியில் படித்தாள், தர்மபுரியில் பி.எஸ்சி., சேலத்தில் எம்.எஸ்சி. பிறகு எங்கேயோ ஒரு பரீட்சை எழுதி, எதற்கோ உதவித்தொகை வாங்கி, இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். இடையில் என்ன நடந்தது என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. டாக்டர் பட்டம் வாங்கினாள் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். பல்வலிக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள்.

அவள் படிப்பது துருவ ஒளி. நம் பூமியின் வட கோடியிலும் தென் கோடியிலும் வானம் பச்சையாகவும் சிவப்பாகவும் ஆடுமே, அதேதான் வியாழனிலும் நடக்கிறதாம். இங்கே நடப்பதைவிடப் பல மடங்கு பெரிதாக, நிற்காமல். நீ அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று ஒருமுறை கேட்டேன். வியாழனில் அவள் பார்க்கிற ஒளி கண்ணுக்கே தெரியாத ஒளி, கருவிக்குத்தான் தெரியும் என்றாள். சரி, பூமியில் நடப்பதையாவது? அதையும் பார்த்ததில்லை. போன ஊரிலெல்லாம் மேகம், இல்லையென்றால் வேலை. இருபது வருஷமாக ஒன்றைப் படிக்கிறவள் அதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

எரிச்சல் என்றால், அவள் பிழைப்பு முழுவதுமே எனக்கு எரிச்சல்தான். எல்லாம் ஒப்பந்த வேலை. இரண்டு வருஷம் ஒரு நாடு, மூன்று வருஷம் இன்னொரு நாடு. ஒரு வேலையில் சேர்ந்த மறுநாளே அடுத்த வேலைக்கு எழுதிப்போட ஆரம்பிக்க வேண்டும். ஒரு கட்டில் வாங்கமாட்டாள், ஒரு செடி வைக்கமாட்டாள். கல்யாணப் பேச்சை அம்மா எடுப்பார், அவள் அடுத்த வேலை கிடைக்கட்டும் என்பாள், அடுத்த வேலை கிடைக்கும், பேச்சு நின்றுபோகும். அப்படியே நாற்பது தாண்டிவிட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் தூங்குவாள். விமானக் களைப்பு என்று அம்மா சொல்வார். நான் வார்டில் பார்க்கிற களைப்பு எனக்குத் தெரியும். இது விமானக் களைப்பு இல்லை.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அப்பா இறந்துபோனார். நெஞ்சுவலி என்று காலையில் சொன்னார், ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது சுசித்ரா பசிபிக் கடல் நடுவே ஒரு தீவில், மலை உச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் வியாழனைப் பார்க்கப் போயிருந்தாள். அந்தத் தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது லேசில்லை. உலகமெங்கும் இருந்து எழுதிப்போடுவார்கள், சிலருக்குச் சில இரவுகள் ஒதுக்குவார்கள். விட்டால் விட்டதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து முகம் பார்ப்பதற்காக உடலை வைத்திருக்கும் ஐஸ் பெட்டிக்கு நான் தர்மபுரிக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அம்மா சுசித்ராவிடம் பேசப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்து, "பாப்பா வரல. பெட்டி வேணாம்னு சொல்லிடு. நாளைக்கே எடுத்துரலாம்" என்றார். மறுநாள் பூசை முடிந்து, குழியில் இறக்கி, ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம். சுசித்ராவின் கை மண் விழவில்லை. அதை நான் மறக்கவில்லை. பிறகு அவள் வந்தபோதும் கல்லறை முன்னால் போய்க் கல்லாக நின்றாள். அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த மலை உச்சியில் எடுத்த அளவுகளை வைத்து அவள் எழுதியது. வியாழனின் மேல்காற்று, சூரியன் கொடுக்கிற வெயிலுக்கு இருக்க வேண்டியதைவிட மிக அதிகச் சூடாக இருக்கிறதாம். ஏன் என்று பல வருஷமாகச் சண்டை. துருவ ஒளியில் பிறக்கும் சூடுதான் மெல்ல மெல்லக் கிரகம் முழுக்கப் பரவுகிறது என்று ஒரு கட்சி. இல்லை, அந்தச் சூடு துருவத்தை விட்டு வெளியே வருவதே இல்லை, சற்றுத் தள்ளிப் பார்த்தால் குளிர்ந்து கிடக்கிறது, அளந்துவிட்டேன் என்று என் தங்கை எழுதினாள். அது பெரிய பேச்சாகிவிட்டது. அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். மறுத்தவர்களோடு அவள் மேடையில் மல்லுக்கட்டினாள்.

அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், இந்த அளவுகள் எடுக்கப்பட்ட நாளில் காலமான என் தந்தை சவுரியப்பனுக்கு என்று ஒரு வரி இருக்கிறது. அம்மா முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் லேமினேட் பண்ணி, இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியும். சாயங்காலம் ஜெபம் சொல்லி முடித்ததும் அந்த இடத்தை விரலால் தொட்டுக் கும்பிடுவார். அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் மங்கிப்போயிருக்கிறது.

போன கோடையில் அவளுடைய கடைசி ஒப்பந்தமும் முடிந்தது. பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். இந்த முறை ஒரு நல்ல சேதியும் கூடவே வந்திருந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நிரந்தர வேலை, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாப்பா பூசைக்கு இருப்பாள் என்று அம்மா பக்கத்து வீட்டுச் சாலம்மாளிடம் சொல்லியே விட்டார். இந்த வேலை கிடைத்துவிட்டால் போதும், அவள் ஒரு கட்டில் வாங்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம் நான் டியூட்டி முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சுசித்ரா லேப்டாப் முன்னால் இருந்தாள். களியும் கீரையும் தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தன. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "தப்புப் பண்ணிட்டேங்க்கா" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தொலைநோக்கியால் கிரகத்தை ஒரு படம் எடுப்பார்கள். அதில் கிரகத்தின் ஒளி மட்டும் இருக்காது. நம் வானத்தின் ஒளி, கருவியின் சூடு எல்லாம் கலந்திருக்கும். அதனால் தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி, ஒன்றுமில்லாத வெறும் வானத்தை இன்னொரு படம் எடுப்பார்கள். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிரகத்தின் ஒளி மட்டும் மிஞ்சும். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதை நாம்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும். யுரேனஸ் தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரியும், கொஞ்சம் தள்ளினால் போதும். வியாழன் பெரிதாகத் தெரியும், நிறையத் தள்ள வேண்டும்.

அப்பா இறந்ததற்கு முந்தின இரவு அந்த மலையில் அவள் யுரேனஸைப் பார்த்திருந்தாள். மறுநாள் வியாழன். இடையில் நாங்கள் போன் செய்தோம். தள்ளுகிற தூரத்தை மாற்ற மறந்துவிட்டாள்.

அதனால் வெறும் வானம் என்று அவள் எடுத்த படங்கள் வெறும் வானமாக இல்லை. வியாழனின் துருவத்து ஓரமும், அதன் சூடான ஒளியும் அவற்றில் லேசாக விழுந்திருந்தன. கிரகத்திலிருந்து கிரகத்தையே கழித்திருக்கிறாள். மிச்சம் குளிர்ந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாள். நேர்முகத்தில் காட்டுவதற்காகப் பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டதாம்.

வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

"அப்ப வாயை மூடிகிட்டுப் போயி வேலைய வாங்கு. அப்பறம் பாத்துக்கலாம்."

"அந்த ஒரு பேப்பருக்காகத்தாங்க்கா கூப்புட்டிருக்காங்க. அதைப் பத்தித்தான் நான் பேசணும். தெரிஞ்சிகிட்டே எப்படிப் பேசுறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நர்ஸ் வேலையில் நானும் தப்பை மறைக்கிறவளைச் சும்மா விடமாட்டேன். ஆனால் இது ஆள் சாகிற தப்பா? எங்கேயோ வானத்தில் இருக்கிற ஒரு கிரகம் சூடாக இருந்தால் என்ன, குளிர்ந்தால் என்ன? இங்கே ஒருத்திக்கு வேலை வேண்டும், ஒரு வயதானவருக்கு மகள் வேண்டும். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வாயில் வந்துவிட்டது.

"அப்பாவுக்கு மண்ணு போடக்கூட வராம எடுத்த படம்டி அது. அதையுமா தப்பா எடுத்த?"

வாசலில் புளி தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அம்மா உள்ளே வந்தார். கையெல்லாம் புளி ஒட்டியிருந்தது.

"அவளை ஏன் வையுற? வராதேன்னு சொன்னதே நாந்தான்" என்றார்.

அன்றைக்குக் கொல்லைப்பக்கம் போய்ப் போனில் பேசியபோது சுசித்ரா அழுதுகொண்டே கிளம்புகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அப்பாவுக்கு ஐஸ் பெட்டி என்றாலே ஆகாது. கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அப்படி வைத்துக் காத்திருந்த உடல்களைப் பார்த்து, என்னை அதில் போடாதே என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். நீ வருவதற்குள் மண் போட்டுவிடுவோம், பறந்து வந்து வெறும் குழிமேட்டைப் பார்க்கவா, அங்கேயே இருந்து வேலையை முடி, உங்கப்பா அதைத்தான் சொல்லுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சொன்னதோடு, அக்காவிடம் இதைச் சொல்லாதே, அவள் பெட்டிக்கு ஆள் அனுப்பிவிட்டாள், என்னோடு சண்டை பிடிப்பாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

நல்ல அம்மா, நல்ல மகள். நடுவில் நான் ஒருத்தி வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இரண்டு பேர் மீதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது என்ன தப்பு என்று எனக்குப் புரிகிற மாதிரிச் சொல் என்றார். சுசித்ரா அடுப்பங்கரைப் பக்கம் கை காட்டினாள்.

"வூட்டுக்கு ஒரு கோடியில அடுப்பு எரியுதும்மா. அந்தச் சூடு மறு கோடிக்கு வருதா, இல்ல அடுப்பங்கரையிலயே நின்னுடுதாங்கறதுதான் கேள்வி. வரவே இல்லேன்னு நான் எழுதுனேன்."

"வருதா?"

"வருதும்மா. நாந்தான் அதைக் கழிச்சிட்டேன்."

அம்மா சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிடுவார்கள், அப்பா பெயர் மேலும் அது விழும் என்று சுசித்ரா சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. வேலை போவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வராமல் இருந்ததற்கு அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு கட்டுரைதான். அதையும் அவள் கையாலேயே அழிக்க வேண்டும்.

அம்மா களித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ரேஷன் கார்டுலருந்தே அவரு பேரை எடுத்தாச்சு. இதுல போனா என்னா. தப்புன்னா தப்புன்னு எழுதிப்போடு கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து, காய்ந்த களியை மாட்டுக்கு எடுத்துப் போனார்.

அவள் எழுதிப்போட்டாள். நேர்முகத்துக்கும் போனாள், போய் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டாள். எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்களாம். ஒருவர் எழுந்து கைகொடுத்து, இதற்குப் பெரிய மனசு வேண்டும் என்றாராம். வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டால் அவள் கணக்கில் பெரிதாக எதுவும் நிற்கவில்லை. மேடையில் அவளோடு சண்டை போட்ட ஒருவர் மட்டும் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். நன்றி என்று இருந்ததாம். எதற்கு நன்றி என்று எனக்குப் புரியவில்லை, அவளும் விளக்கவில்லை.

இப்போது அவள் தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள், சாயங்காலம் நின்றுகொண்டே வருகிறாள். வந்ததும் படுத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கும் அளவுகளை வாங்கி ஏதோ கணக்குப் போடுகிறாள். அந்தத் தொலைநோக்கியில் மறுபடி நேரம் கேட்டு எழுதினாயா என்று கேட்டால், பார்க்கலாம்க்கா என்கிறாள். அம்மா ஆசைப்பட்டபடி மகள் வீட்டோடு இருக்கிறாள், பூசைக்கும் வருகிறாள். இப்படி அல்ல அம்மா ஆசைப்பட்டது. ஆனாலும் போன மாதம் அவள் ஒரு கட்டில் வாங்கினாள்.

இந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பல வருஷத்துக்குப் பிறகு மூன்று பேருமாகப் போனோம். முந்தின நாளே சுசித்ரா அப்பா கல்லறையில் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்தாள். மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து ஓரமாகப் போட்டாள். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி மாலையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டீ போட நாங்கள் இரண்டு பேரும் அடுப்பங்கரைக்குப் போனோம். சாலம்மாள் மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருந்த தன் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுவரில் இருந்ததைக் காட்டி, வியாழன் கிரகத்தையே அளந்து இவர்கள் பெண் எழுதியது, வெளிநாட்டில் அச்சுப் போட்டது என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தத் தாள்களைக் கழற்றிவிடலாம் என்று நான் அம்மாவிடம் பல தடவை சொல்லியிருந்தேன். அம்மா கேட்கவில்லை. சுசித்ரா டீத்தூளைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

அம்மாவின் குரல் கேட்டது. கொஞ்சமும் இறங்காத குரல்.

"அது தப்புங்க. அதுல எழுதுனது சரியில்ல."

சம்பந்தியம்மா, அப்படியா என்றார்.

"ஆமாங்க. அத்தனை நாட்டுக்காரங்க படிச்சாங்க, ஒருத்தருக்கும் தெரியல. தப்புன்னு கண்டுபுடிச்சது எம்மவதான்."

பிறகு அம்மா, அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இங்கே சுசித்ரா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, வேறு பாத்திரம் எடுத்து வைத்தேன்.